ஒரு மீன் தொட்டி எப்படி ஆறு ஆகிறது? மீன் வளர்ப்பவர்களை விடாத ‘எம்.டி.எஸ்’... பின்னணி என்ன?

முதலில் ஹாலில் ஒரு இரண்டடி தொட்டி. நாலு கோல்டு ஃபிஷ். ஆறு மாதம் கழித்து டி.வி.க்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே ஒன்று, பால்கனியில் ஒன்று, கடைசியில் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. “ஏங்கண்ணு, இருக்கறது பத்தாதா?” என்று அம்மா கேட்பார். “இதுதாம்மா கடைசி” என்று பதில் வரும். அது கடைசி இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

கணபதி, சிங்காநல்லூரில் இருந்து பொள்ளாச்சி, திருப்பூர் வரை வண்ண மீன் வளர்க்கும் வீடுகளில் நடக்கும் கதைதான் இது. உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் இதற்கு ஒரு செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ‘மல்டிபிள் டேங்க் சிண்ட்ரோம்’. சுருக்கமாக எம்.டி.எஸ். அதாவது, ஒரு தொட்டி வைத்தவருக்கு அடுத்த தொட்டி வாங்காமல் இருக்க முடியாத நிலை.

பெயரில் ‘சிண்ட்ரோம்’ இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மருத்துவப் புத்தகங்களில் இப்படி ஒரு நோய் கிடையாது. வளர்ப்பவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ள வைத்த பெயர் அது. ஆனால் கிண்டலோடு முடியாத பக்கமும் இதில் இருக்கிறது. தண்ணீர், கரண்ட் பில், தொட்டியில் சத்தமில்லாமல் செத்துப்போகும் மீன்கள், கடைசியில் ஊர்க் குளம் வரை அது போகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

ஆசை மட்டும் காரணம் இல்லை... மீனும்தான்!

‘அடங்காத ஆசை’ என்று வீட்டில் திட்டுவார்கள். ஆனால் இரண்டாவது தொட்டி வருவதற்குப் பல நேரங்களில் மீனே காரணம்.

கப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும், பள்ளிக்கூடப் பையன்கள் முதலில் வாங்கும் மீன். முட்டை போடாது, குட்டி போடும். சுமார் 21 முதல் 30 நாளுக்கு ஒருமுறை, ஒரு ஈட்டுக்கு இருபது, முப்பது குட்டிகள். ஆண் மீனைத் தனியாகப் பிரித்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி, ஆணின் விந்தணுவை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். அதைவிட முக்கியம், பிறந்த குட்டிகளைத் தாயே தின்றுவிடும். குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தனித் தொட்டி வேண்டும். இரண்டு, மூன்று மாதத்தில் அந்தக் குட்டிகளும் குட்டி போடத் தயார். இப்போது மூன்றாவது தொட்டி.

ஃபைட்டர் வேறு மாதிரி. ஒரு தொட்டியில் இரண்டு ஆண் இருந்தால் துடுப்பு கிழியும் வரை சண்டை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி வீடு. நீல ஃபைட்டர் ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பிடித்துப்போனால் அலமாரி முழுக்கத் தொட்டிதான்.

‘வாஸ்து மீன்’ என்று சொல்லி விற்கப்படும் ஃப்ளவர்ஹார்னும் இந்த ரகம்தான். நெற்றியில் புடைப்போடு இருக்கும் இந்த மீன் எந்த ஆற்றிலும் இயற்கையாக இருந்தது இல்லை. 1990-களில் மலேசியாவில் பல வகை சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கியது. கூட இருக்கும் மீனைக் கடித்துக் குதறிவிடும். வீட்டுக்கு அமைதி வரும் என்று வாங்குகிற மீனுக்குப் பக்கத்தில் வேறு எந்த மீனும் அமைதியாக இருக்க முடியாது!

அடுத்தது வளர்ச்சி. கடையில் விரல் நீளத்தில் ‘ஷார்க்’ என்று கொடுப்பார்கள். அது சுறா இல்லை. பங்காசியஸ் என்ற ஆற்றுக் கெளுத்தி வகை, ஹோட்டலில் ‘பாசா’ என்ற பெயரில் தட்டுக்கு வரும் மீனும் இதன் இனமே. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஆஸ்கர் ஓர் அடி வளரும். கோல்டு ஃபிஷ்கூட சரியாக வளர்த்தால் உள்ளங்கை நீளத்தைத் தாண்டிவிடும். பவுலில் வைத்து வளர்க்கிற மீன் அல்ல அது. ஆக, மீன் வளர வளர பெரிய தொட்டி. பழைய சின்னத் தொட்டி? அதைச் சும்மா வைக்க யாருக்கும் மனசு வராது.

சரியாக வளர்க்க நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல். புது மீனை நேராகப் பழைய மீன்களோடு விடக்கூடாது, இரண்டு முதல் நான்கு வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பழக்கம். ஆனால் அந்த நாலு வாரம் முடிந்ததும் ஒரு தொட்டி காலியாக நிற்கும். அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

நல்ல தண்ணி... உப்புத் தண்ணி

கோவையில் இருக்கிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் இரண்டு குழாய். ஒன்றில் ‘நல்ல தண்ணி’, அதாவது சிறுவாணி, பில்லூர் அல்லது ஆழியாறு குடிநீர். இன்னொன்றில் ‘உப்புத் தண்ணி’, அதாவது போர் தண்ணி. சிறுவாணித் தண்ணீர் ருசியில் உலகத்திலேயே இரண்டாவது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ரேங்கை யார் போட்டது என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அது மென்மையான தண்ணீர் என்பது உண்மை. காட்டில் பெய்த மழை, உப்பு சேராமல் அப்படியே அணைக்கு வருகிறது.

போர் தண்ணீர் நேர் எதிர். ஆழத்துக்குப் போகப் போக கடினத்தன்மை ஏறும். கரைந்த உப்புகளின் அளவான டி.டி.எஸ் ஆயிரத்தைத் தாண்டும் போர்களும் உண்டு. பக்கெட்டில் வெள்ளைப் படலம் ஒட்டுவது இதனால்தான்.

இது மீனுக்கு ஏன் முக்கியம்? அமேசான் காட்டு ஆறுகளைச் சேர்ந்த டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்றவை மென்மையான தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களுக்குக் கடினமான தண்ணீர் வேண்டும். கப்பிக்கும் மோலிக்கும் ஓரளவு உப்புத் தண்ணீரே சௌகரியம். இரண்டு வகையையும் ஒரே தொட்டியில் போட முடியாது. ஆனால் இரண்டு குழாயும் ஒரே வீட்டில் இருக்கிறது. ‘அந்தத் தண்ணிக்கு ஒரு தொட்டி, இந்தத் தண்ணிக்கு ஒரு தொட்டி’ என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மீன் கழிவில் இருந்து வரும் அமோனியா, போர் தண்ணீரில் அதிக ஆபத்தானது. பி.ஹெச் அளவு 7-ல் இருந்து 8-க்குப் போனால், அதே அமோனியாவில் விஷமாக இருக்கும் பகுதி சுமார் பத்து மடங்கு கூடிவிடும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடானால் இன்னும் மோசம். ‘நேத்து நல்லா இருந்துச்சுங்க, காலைல பாத்தா எல்லாம் மிதக்குது’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

செட் பண்ணும்போது இருக்கும் சந்தோஷம்...

மூளைப் பக்கம் வருவோம். ‘பிடிப்பது’ வேறு, ‘வேண்டும் என்று தோன்றுவது’ வேறு என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் இருவரும் 1993-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். டோபமைன் என்ற ரசாயனம் முக்கியமாக இரண்டாவதைத்தான் தூண்டுகிறது என்பது அவர்கள் வாதம். கையில் கிடைத்த பொருள் தரும் இன்பத்தைவிட, அதைத் தேடி ஓட வைக்கும் உந்துதல் பலமாக இருக்கும். போதைப் பழக்கத்தை விளக்க வந்த கோட்பாடு இது. மீன் தொட்டிக்கு என்று யாரும் எழுதவில்லை. ஆனாலும் பொருத்திப் பார்க்க முடிகிறது.

ஒரு தொட்டி வைப்பதில் சுவாரசியமான பகுதி எது? அளவு பார்ப்பது, கல் கழுவுவது, செடி நடுவது, எந்த மீனோடு எந்த மீன் என்று மண்டையைக் குடைவது. அதற்குப் பிறகு தொட்டி ‘சைக்கிள்’ ஆக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற வேண்டும். அது முடிந்துவிட்டால் தொட்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். வளர்ப்பவருக்கு மிச்சம் இருப்பது கண்ணாடி துடைப்பதும் தண்ணீர் மாற்றுவதும்தான். நன்றாக ஓடும் தொட்டியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதே அடுத்த தொட்டிக்குக் காரணம் ஆகிவிடுகிறது.

மீனைப் பார்ப்பது மனசுக்கு நல்லதா என்றால், ஆம். இங்கிலாந்தில் பிளிமத், எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய மீன் காட்சியகத்தில் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன. மீன்களின் எண்ணிக்கை கூடியபோது மக்கள் கூடுதல் நேரம் நின்று பார்த்தார்கள். ஆனால் அது ஒரே ஒரு தொட்டி. சுத்தம் செய்யும் வேலையும் பார்த்தவர்களுடையது இல்லை!

170 வருஷப் பழைய காய்ச்சல்

இது இன்ஸ்டா ரீல்ஸ் காலத்து மோகம் என்று நினைக்க வேண்டாம். 1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் ‘ஃபிஷ் ஹவுஸ்’ திறந்தார்கள். அடுத்த ஆண்டே ஃபிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் அக்வேரியம் பற்றி எழுதிய புத்தகம் வந்தது. இங்கிலாந்தில் வசதியான வீடுகள் எல்லாம் கண்ணாடித் தொட்டிக்கு அலைந்தன. கடற்கரைப் பாறைக் குழிகளில் இருந்த உயிரினங்களைக் கூட்டம் கூட்டமாகப் போய் அள்ளி வந்தார்கள். அந்தக் கரைகள் வெறிச்சோடிப் போனதை காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் வருத்தத்தோடு பதிவு செய்தார்.

தமிழ்நாட்டில் 1909-ல் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் வந்தது. இன்று வண்ண மீன் என்றால் சென்னை கொளத்தூர்தான். கொங்கு பக்கம் பலருக்கு முதல் பிரமிப்பு ஆழியாறு அணைப் பூங்காவில் பார்த்த மீன் காட்சியகமாக இருக்கும். ஸ்கூல் டூர் போய் வந்து ‘நம்ம வீட்டுக்கும் ஒண்ணு’ என்று அடம்பிடித்தவர்கள் எத்தனையோ பேர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

கடைக்காரர் தொட்டி விலையைச் சொல்வார். தொட்டியை ஓட்டும் செலவை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி கொள்ளும் தண்ணீர் சுமார் 56 லிட்டர். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் 14 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். ஒரு தொட்டிக்கு இது பெரிய விஷயமே இல்லை. எட்டு தொட்டி என்றால் வாரம் ஏழெட்டுக் குடம். நல்ல தண்ணி சில நாளுக்கு ஒருமுறை வரும் ஏரியாவில், கோடையில், அந்த ஏழு குடத்துக்கு வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு உரம்.

கரண்ட்? 15 வாட் ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட். 5 வாட் ஏர் பம்ப் 7.2 யூனிட். 20 வாட் லைட் தினமும் 8 மணி நேரம் எரிந்தால் 9.6 யூனிட். மொத்தம் 38.4. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று தொட்டி வைத்தால் 115 யூனிட். அதாவது அரசு தரும் இலவச மின்சாரம் மொத்தமும் மீனுக்கே போய்விட்டது. இதில் ஹீட்டரைச் சேர்க்கவில்லை. மார்கழி, தைக் குளிரில் கோவையில் டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் அதையும் போட்டாக வேண்டும்.

எடையை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே 255 கிலோ. கல், கண்ணாடி, ஸ்டாண்டு தனி. வாடகை வீட்டு மாடி அறையில் இப்படி மூன்றை வரிசையாக வைப்பதற்கு முன்னால் வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் அதற்குள் ஆக்சிஜன் குறைந்துவிடும். மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். ஒரு தொட்டி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும். பத்து தொட்டிக்கு இன்வெர்ட்டரில் தனி லைன் இழுக்க வேண்டியிருக்கும்.

எந்த இடத்தில் இது பிரச்சினை?

எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. இருபது தொட்டியைப் பளிச்சென்று வைத்திருப்பவர் இருக்கிறார், ஒன்றையே பாசி பிடிக்க விடுகிறவரும் இருக்கிறார்.

விலங்குகளை அளவுக்கு மீறிச் சேர்க்கும் பழக்கத்துக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரி பேட்ரோனெக் 1999-ல் ஒரு வரையறை கொடுத்தார். நிறைய விலங்குகளைச் சேர்ப்பது, அவற்றுக்குக் குறைந்தபட்சப் பராமரிப்பைக்கூடத் தர முடியாமல் போவது, நிலைமை மோசமாவது தெரிந்தும் எதுவும் செய்யாமல் இருப்பது. சேகரிப்புக் கோளாறை, விலங்கு சேர்ப்பதையும் உள்ளடக்கி, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தது. எம்.டி.எஸ் என்று சிரிக்கும் பெரும்பாலானவர்கள் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஆனால் நாய், பூனை என்றால் பசித்தால் கத்தும். மீன் கத்தாது. எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியவில்லை, செத்த மீனை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தோம், வாங்கிய விலையை வீட்டில் குறைத்துச் சொல்கிறோம், தண்ணீர் மாற்றும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது ஆனால் கடைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறுவதில்லை... இதெல்லாம் நடந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். பலருக்கு இது கல்யாணம், வேலை மாற்றம், வீடு மாற்றம் வரும்போதுதான் வெளியே தெரியும். பெங்களூரில் வேலை கிடைத்துப் போகிறவர் ஆறு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அம்மாவால் பார்த்துக்கொள்ளவும் முடியாது. அப்போது எடுக்கும் முடிவுதான் மொத்தத்தில் மிகப் பெரிய தப்பாகிவிடுகிறது.

‘குளத்துல விட்டுட்டேங்க’

பாவம், பிழைத்துப் போகட்டும் என்று உக்கடம் பெரியகுளத்திலோ, குறிச்சி, சிங்காநல்லூர் குளத்திலோ விட்டுவிடுவது. புண்ணியம் என்று தோன்றும். நடப்பது வேறு. மென்மையான மீன்கள் செத்துவிடும். முரட்டு மீன்கள் பிழைத்து, பெருகும். கோவைக் குளங்கள் வாய்க்கால் வழியாக நொய்யலோடு தொடர்பு உள்ளவை. நொய்யல் போய்ச் சேருவது காவிரியில்.

இதற்குச் சரியான உதாரணம் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன். பாசி தின்னும் என்று ஒன்று வாங்கிப் போடுவார்கள். அது போடும் கழிவு, தின்னும் பாசியைவிட அதிகம் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றரை அடி வரை வளரும். உடம்பெல்லாம் கவசம் போன்ற தோல், முள் துடுப்பு. வலையில் சிக்கினால் வலை கிழியும், சந்தையில் விலை போகாது. கரையில் குழி தோண்டி முட்டை இடுவதால் கரையும் சரியும். தென் அமெரிக்க மீனான இது, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் சுமார் 60 சதவீதத்தில் பரவியிருப்பதாக ஹைதராபாத் சி.சி.எம்.பி ஆய்வு மையத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது.

பக்கத்து மாநிலத்திலும் பார்த்தோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளாவின் சாலக்குடி ஆற்றில் அமேசான் மீனான அராபைமா சிக்கியது. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் ராட்சத மீன். வளர்த்த இடங்களில் இருந்து வெள்ளத்தில் தப்பியது அது. வால்பாறைப் பக்கம் இருந்து இறங்கும் சோலையாறு சேருவதும் இதே சாலக்குடி ஆற்றில்தான்.

நம் குளங்களில் பிடித்து வறுக்கும் ஜிலேபியும் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு மீன்தான். அதை இனி யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

குட்டிகளை விற்கலாமா?

கொங்கு மண்ணில் ஒரு பொழுதுபோக்கு கொஞ்சம் பெரிதானால் ‘இதையே தொழிலாப் பண்ணுனா என்ன?’ என்ற கேள்வி வந்துவிடும். தோட்டத்தில் இடமும் கிணறும் இருப்பவர்கள் கண்ணாடியில் இருந்து சிமெண்ட் தொட்டிக்கு மாறுவது அப்படித்தான். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்குத் திட்டச் செலவு 3 லட்சம் ரூபாய் என்று வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்கள் மற்றும் பட்டியலினத்தவருக்கு 60 சதவீதம் மானியம் என்று அறிவித்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். பத்து தொட்டி ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகத் தொழில் தொடங்குவதும், வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து தொடங்குவதும் ஒன்று இல்லை. கப்பிக் குட்டி எல்லோரிடமும் இருக்கிறது.

விலை உயர்ந்த மீன் வாங்குபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆசிய அரோவானா, அராபைமா போன்றவை சர்வதேச ‘சைட்ஸ்’ ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. 2024-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மீனை வேறு ஒருவருக்குக் கொடுப்பது எப்படி?

தொட்டியைக் குறைக்க முடிவு செய்துவிட்டால், வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். காசு தராவிட்டாலும் பல கடைகளில் மீனை எடுத்துக்கொள்வார்கள். மீன் வளர்க்கும் நண்பர்களிடம் கொடுக்கலாம். ஆனால் அவருக்கும் எம்.டி.எஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் லீவு நாளில் யார் தீனி போடுவார்கள் என்று கேட்ட பிறகு கொடுங்கள்.

கொடுப்பதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பையில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர் கழிவாலேயே கெட்டுவிடும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. தண்ணீர் நிறைய இருந்தால் மீனுக்கு நல்லது என்று முழுக்க நிரப்பிவிடாதீர்கள், அதற்குத் தேவை காற்று. முள் துடுப்பு உள்ள மீன் என்றால் இரண்டு பை. வெயில் தாழ்ந்த பிறகு, தெர்மோகோல் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். போன இடத்தில் பையை அப்படியே கவிழ்க்காமல், தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்துப் பழக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த மீன் போர் தண்ணீர் வீட்டுக்குப் போகிறது என்றால் இந்தக் கடைசி வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.